இபோமியா பிளாட்டென்சிஸ்: விதை போட்டுக் காடெக்ஸ் வளர்ப்பது எப்படி?

சர்க்கரைவள்ளியின் உறவுக்காரக் கொடி இது. அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே பக்கம் இயற்கையாக வளர்கிறது. வறட்சிக்காக நீரைச் சேர்த்துவைத்துப் பருக்கிற அடிப்பகுதிதான் காடெக்ஸ். இளம் ஊதாப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும்.

முதலில் விதை. தோல் கடினம், நீர் உள்ளே இறங்காது. நகவெட்டியால் முதுகுப் பக்கம் லேசாகக் கிள்ளுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். காயோடு ஒட்டியிருந்த தழும்பு இருக்கும் பக்கத்தைத் தொடவே கூடாது, முளைவேர் அங்கேதான் இருக்கிறது. உப்புத்தாளில் தேய்ப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது, விதை வழுக்கும், எவ்வளவு தேய்ந்தது என்றும் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, உப்பிய விதைகளை மட்டும் நடுங்கள். உப்பாததை மறுபடி கிள்ளி ஊறப்போடலாம்.

மண்கலவையில் பாதிக்குமேல் பெர்லைட்டோ பியூமிஸோ (நீர் தேங்காமல் வடியவிடும் லேசான எரிமலைக் கல் துகள்கள்) இருக்கட்டும். நல்ல வெயில், கொடி ஏற ஒரு குச்சி. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும், பூ வராது.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். கடுகளவு பருத்ததுமே காடெக்ஸை வெளியே எடுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள். மண்ணுக்குள் இருக்கும்வரைதான் அது வேகமாகப் பருக்கும். முதல் பருவம் முழுக்க அப்படியே விடுங்கள். அப்புறம், புதுத் தளிர் கிளம்பும் சமயத்தில் தொட்டி மாற்றும்போது மேல்பகுதியை மட்டும் கொஞ்சம் உயர்த்தி நடுங்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். வெளியே நிற்கும் மெல்லிய வேர்களை நறுக்கலாம். வெட்டிய இடத்தில் பால் வடியும். அது காயும்வரை தண்ணீர் வேண்டாம். மண்ணுக்குள் இருந்த தோலுக்கு வெயில் பழக்கமில்லை, உடனே உச்சிவெயிலில் வைத்தால் வெந்துவிடும். சில நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

பிற்சேர்க்கை: "இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது, தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை" என்று சிலர் கேட்டிருந்தார்கள். குளிர்காலமாக இருந்தால் அது உறக்கம். இலை கொட்டும், கொடியும் காயும். தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடுங்கள். அப்போது ஊற்றுவதுதான் ஆபத்து. சந்தேகமாக இருந்தால் காடெக்ஸை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கவலையில்லை. லேசாகச் சுருங்கியிருந்தாலும் தளிர் வந்த பிறகு நீர் ஊற்றினால் சரியாகிவிடும். குழைந்து நாற்றம் வந்தால் அழுகல்; சுத்தமான கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, நன்றாக உலரவிட்ட பிறகே மறுபடி நடுங்கள்.