‘லேசான ஸ்கோலியோசிஸ்’ என்று எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கோலியோசிஸ் என்றால் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவது. எவ்வளவு வளைவு என்பதைப் பாகையில் சொல்வார்கள். நுவரெலியா, ஹட்டன், பதுளை, எந்தப் பக்கத்துக் கிளினிக் வாசலிலும் இதைப் பார்க்கலாம்: படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “எத்தனையாம்?” என்று கேட்கும் பெற்றோர். அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பதறுகிறவர்களும் உண்டு, அதோடு மறந்துவிடுகிறவர்களும் உண்டு. படத்தைத் திருப்பிப் பிடிப்பது, உறையைத் தொலைப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம்.

எண் எப்படி வந்தது என்று தெரியாமல் பயப்படுவது

அது கொப் கோணம். வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்து நிற்கும் முள்ளென்பின் மேல் விளிம்பில் ஒரு கோடு, கீழ்முனையில் அதேபோல் சாய்ந்ததன் கீழ் விளிம்பில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் அந்த எண். 10 பாகைக்குக் குறைந்தால் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. 10 முதல் 25 வரை லேசானது. சிலர் 20உடன் நிறுத்துவார்கள்.

நின்று எடுத்த படத்தோடு படுத்து எடுத்ததை ஒப்பிடுவது

எரிச்சலூட்டுவது இதுதான், நட்டமும் இதில்தான் அதிகம். தோட்டத்துப் பிள்ளை ஒன்று, வயது 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி எடுத்த முதல் படத்தில் 22 பாகை. வீட்டில் எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, கண்டிக்குப் போனால் ஒரு நாள் பேர் (நாட்கூலி) போய்விடுமே என்று பக்கத்திலேயே ஒரு படம். அங்கே மேசையில் படுக்கவைத்து எடுக்கிறார்கள்: 15. “நீவுனதுல கொறஞ்சிருச்சி” என்று கிளினிக் போவது நின்றுவிடுகிறது.

வளைவு குறையவில்லை. நிற்கும்போது உடம்பின் பாரம் முள்ளந்தண்டில் இறங்கும். படுத்தால் அது விலகி, அதே வளைவு சில பாகை குறைந்து தெரியும். பிள்ளை மளமளவென்று உயரும் வருடம் கண்காணிப்பில்லாமல் கழிந்தால், பிரேஸ் (வளைவு கூடாமல் தடுக்க அளவெடுத்துச் செய்யும் உடற்கவசம்) போட வேண்டிய கட்டம் கை நழுவிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே 3 முதல் 5 பாகை வித்தியாசம் வரலாம். 14 இருந்தது 17 ஆனால் அழ வேண்டியதில்லை. ஒரே மாதிரி எடுத்த படங்களில் 5 பாகைக்கு மேல் கூடினால்தான் கணக்கு. எந்த முள்ளென்பிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்றும் கேளுங்கள். ஒன்றில் டி6–டி12, மற்றதில் டி5–எல்1 (டி என்பது நெஞ்சுப் பகுதி முள்ளென்பு, எல் என்பது இடுப்புப் பகுதி முள்ளென்பு) என்றால் எண்களை நேரே ஒப்பிட முடியாது.

எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் கேட்க வேண்டியது: செருப்பில்லாமல், நின்றபடி, கழுத்தடியிலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே படம். எடுத்ததும் உறையில் திகதியோடு ‘நின்று’ அல்லது ‘படுத்து’ என்று பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் பழைய படங்களையும் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

வளர்ச்சியைப் பார்க்காமல் விடுவது

11 வயதில், இன்னும் பெரியபிள்ளையாகாத சிறுமிக்கு 15 பாகை என்பது கவனிக்க வேண்டியது. வளர்ந்து முடித்த 17 வயதுக்காரிக்கு அதே 15 பெரும்பாலும் அப்படியே நிற்கும். எலும்பு எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பதற்கு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பார்த்து ரிஸ்ஸர் என்ற எண்ணை 0 முதல் 5 வரை போடுவார்கள். 0, 1 என்றால் வளர்ச்சி நிறைய மிச்சம். 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

கொழுந்துக் கூடையையும் புத்தகப் பையையும் பழிப்பது

முதுகுவலி தரலாம். இந்த வளைவைத் தருவதில்லை.

கடையில் பெல்ட் வாங்குவது

அது பிரேஸ் அல்ல.

எண் சின்னது என்று மற்றதை விடுவது

இரவில் எழுப்பும் வலி, கால் மரப்பு, சிறுநீரை அடக்க முடியாமை, நெஞ்சுப் பகுதியில் இடப்பக்கம் புடைத்த வளைவு: இதில் ஒன்று இருந்தால் 12 பாகையானாலும் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் என்பதைப் படத்திலுள்ள ‘ஆர்’, ‘எல்’ குறியை வைத்தே முடிவுசெய்யுங்கள். முதுகுப் படத்தைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் மாட்டுவதுண்டு. நெஞ்சுப் படம் அப்படியல்ல.

மாதாமாதம் எக்ஸ்ரே கேட்பது

வீண் கதிர்வீச்சு. இடையில் சட்டையைக் கழற்றி, பாதங்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை ஒட்டிக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். விலா ஒரு பக்கம் முன்னைவிட உயர்ந்து தெரிந்தால், அடுத்த திகதி வரை காத்திருக்காமல் கிளினிக் புத்தகத்தோடு போங்கள்.