விண்டோஸ் அப்கிரேடுக்குப் பிறகு மிஞ்சிய பழைய யூசர் ஃபோல்டர்களை நீக்குவது எப்படி

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறிய பிறகு, சி டிரைவில் இடம் போதவில்லையே என்று யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் சில கம்ப்யூட்டர்களில் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஃபோல்டர்கள் நிற்கும். ஒன்றில் வெறும் பெயர். இன்னொன்றில் பெயர், ஒரு புள்ளி, அதன் பின்னால் கம்ப்யூட்டரின் பெயர். மற்றொன்றில் புள்ளிக்குப் பிறகு 000. போதாக்குறைக்கு டெம்ப், டிஃபால்ட்யூசர்0 என்று நீங்கள் உருவாக்கவே செய்யாத பெயர்களும் இருக்கலாம். வால் முளைத்ததெல்லாம் குப்பை, வெறும் பெயரில் இருப்பதுதான் நம்முடையது என்று நினைத்து டெலிட் பண்ணக் கை போகும். போக விடாதீர்கள், பல சமயம் விஷயம் நேர் எதிராக இருக்கும்.

ஒரு அக்கவுன்ட் முதன்முறையாக உள்ளே நுழையும்போது விண்டோஸ் அதற்கு ஒரு ஃபோல்டர் போடப் பார்க்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால், அதைத் தொடாமல் புதியதற்கு ஒரு வாலை ஒட்டிவிடும். அதாவது வால் உள்ளதுதான் பிறகு வந்தது, நீங்கள் இப்போது புழங்குவது அதுவாகவே இருக்கலாம். அதனால் பெயரை நம்பாதீர்கள். மாற்றப்பட்ட தேதியையும் முழுசாக நம்ப வேண்டாம், ஏனென்றால் யாருமே நுழையாத ஃபோல்டரில்கூட அப்டேட் வந்து கையை வைத்து தேதியைப் புதுசாக்கிவிடும்.

சரி, எது உயிரோடு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் யூசர்புரொஃபைல் என்பதை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், முன்னும் பின்னும் ஒவ்வொரு % குறி வைத்து அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டர்தான் உங்கள் இப்போதைய வீடு. மேலே முகவரிப் பட்டையில் காலி இடத்தில் ஒரு கிளிக் செய்தால் முழுப் பாதையும் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் அவர்கள் அக்கவுன்டிலும் போய் இதையே செய்து பார்க்க வேண்டும்.

அடுத்து ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு. அதே பெட்டியில் ரெஜெடிட் என்று அடித்தால் எடிட்டர் திறக்கும். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், புரொஃபைல்லிஸ்ட் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே எஸ்-1-5 என்று தொடங்கும் நீளமான எண்கள் வரிசையாக நிற்கும். 18, 19, 20 என்று முடியும் குட்டியான மூன்றும் விண்டோஸின் சொந்த அக்கவுன்ட்கள், அவற்றின் பக்கமே போகாதீர்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001, 1002 மாதிரி முடிபவைதான் பொதுவாக மனிதர்களுடையவை. ஒவ்வொன்றையும் கிளிக் செய்தால் வலப்பக்கம் புரொஃபைல்இமேஜ்பாத் என்ற வரியில் அது எந்த ஃபோல்டரைப் பிடித்திருக்கிறது என்று இருக்கும். இப்போதைக்குப் பார்த்தால் மட்டும் போதும், எதையும் மாற்ற வேண்டாம். பப்ளிக், டிஃபால்ட் போன்ற விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களைத் தவிர, யூசர்ஸில் இருந்தும் இந்தப் பட்டியலில் எங்குமே பெயர் வராத ஃபோல்டர்தான் அனாதை. பட்டியலில் இருக்கிறது, ஆனால் அந்த அக்கவுன்ட் இனி வேண்டாம் என்றால் அது வேறு வகை, இரண்டையும் நீக்கும் வழியும் வேறு வேறு.

எதை நீக்குவதற்கும் முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், தேவையானதை எடுத்துக்கொள்வீர்கள். எல்லோரும் கோட்டை விடுவது, புரோகிராம்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில். அது மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஷோ போய் ஹிட்டன் ஐட்டம்ஸைப் போட்டால்தான் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தியவர் என்றால் அதற்குள் ரோமிங், மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ், புரொஃபைல்ஸ் என்று போய் உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து வைத்தால் புக்மார்க்கோடு பாஸ்வேர்டும் மீண்டு வரும். குரோமில் கதை வேறு. புக்மார்க் வரும், ஆனால் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய விண்டோஸ் அக்கவுன்டின் சாவியால் பூட்டப்பட்டவை, ஃபைலை மட்டும் நகலெடுத்து வந்து திறக்க முடியாது. பழைய அக்கவுன்டில் இன்னும் நுழைய முடிகிறது என்றால், நீக்குவதற்கு முன்பே உள்ளே போய் பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். ஃபைல் ஐகானில் குட்டிப் பூட்டு தெரிந்தால் அதையும் பழைய அக்கவுன்டிலேயே திறந்து பூட்டை எடுத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

இப்போது நீக்கும் வேலை. பட்டியலில் இருக்கும் புரொஃபைலை, அதாவது ஒரு அக்கவுன்டின் ஃபோல்டரையும் அமைப்புகளையும், எக்ஸ்ப்ளோரரில் போய் நேராக டெலிட் செய்யாதீர்கள். ஃபோல்டர் போய்விடும், ரெஜிஸ்ட்ரியில் வரி நின்றுவிடும், பின்னொரு நாள் அந்த அக்கவுன்டில் நுழைந்தால் தற்காலிக புரொஃபைலில் கொண்டுபோய் விடும், அதில் எதைச் சேமித்தாலும் வெளியேறியதும் காணாமல் போகும். முறையான வழி இது: அட்மின் அக்கவுன்டில் நுழைந்து, செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸைத் திறங்கள். நடுவில் யூசர் புரொஃபைல்ஸ் என்று இருக்கும், அதன் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தினால் எல்லா புரொஃபைலும் அளவோடு வரும். அக்கவுன்ட் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் பெயருக்குப் பதிலாக அக்கவுன்ட் அன்நோன் என்று காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தால் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரி வரி இரண்டும் சேர்ந்தே போகும். டெலிட் மங்கலாக இருந்தால் அந்த அக்கவுன்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ரீஸ்டார்ட் செய்து வேறு யாரும் நுழையும் முன் மறுபடி வாருங்கள். அக்கவுன்டே இன்னும் இருந்து அதுவும் வேண்டாம் என்றால், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ரிமூவ் கொடுத்தால் போதும், டேட்டாவையும் சேர்த்தே எடுத்துவிடும்.

அனாதை ஃபோல்டருக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது, எக்ஸ்ப்ளோரரிலேயே நீக்கலாம். ஆனால் உடனே வேண்டாம். முதலில் பெயரை மட்டும் மாற்றி, முன்னால் பழையது என்று ஒட்டி, ரீஸ்டார்ட் செய்து சில நாள் வழக்கம்போல வேலை பாருங்கள். ஏதாவது புரோகிராம் அந்தப் பாதையைத் தேடினால் அப்போது தெரிந்துவிடும், பெயரைத் திருப்பி வைத்தால் பழையபடி ஆகிவிடும். இந்தப் பெயர் மாற்றம் அனாதைக்கு மட்டும்தான். இப்போது புழங்கும் ஃபோல்டரின் வால் கண்ணை உறுத்துகிறதே என்று அதன் பெயரைத் திருத்தப் போகாதீர்கள், நூறு இடத்தில் அந்தப் பாதை எழுதப்பட்டிருக்கும்.

அனுமதி இல்லை என்று அடம்பிடித்தால் கன்டினியூ அழுத்திப் பாருங்கள். மசியவில்லையா, ஃபோல்டரில் ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனருக்குப் பக்கத்தில் சேஞ்ச் இருக்கும், அதில் உங்கள் பெயரைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் ஓனரை மாற்றும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். அப்புறம் அதே செக்யூரிட்டி பக்கத்தில் உங்களுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள்.

பப்ளிக், டிஃபால்ட் இரண்டையும் தொடாதீர்கள். டிஃபால்ட்தான் புது அக்கவுன்டுக்கெல்லாம் அச்சு, அது போனால் அடுத்து உருவாக்கும் அக்கவுன்டில் நுழையவே முடியாது. மறைந்த ஃபைல்களோடு பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லியிருந்தால் ஆல் யூசர்ஸ், டிஃபால்ட் யூசர் என்றும் தெரியலாம், அவை நிஜ ஃபோல்டரே அல்ல, வேறு இடத்துக்குப் போகும் வெறும் வழிகாட்டிகள். டிஃபால்ட்யூசர்0 மட்டும் விண்டோஸ் நிறுவும்போது தற்காலிகமாகப் போட்டு எடுக்க மறந்தது, அதை நீக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தும் இடம் பெரிதாகக் கூடவில்லை என்றால், சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்ட் இருக்கிறதா பாருங்கள். அதற்குள்ளும் ஒரு யூசர்ஸ் இருக்கும். பழைய ஃபைல்களை வைத்துக்கொள்ளாமல் புதிதாக நிறுவியிருந்தால் உங்கள் பழைய டாக்குமென்ட்ஸ் அங்கேதான் கிடக்கும். அப்கிரேட் ஆன 10 நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும் என்பதால் எடுக்க வேண்டியதைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் முந்தைய விண்டோஸுக்கான பெட்டியை டிக் செய்து நீக்கலாம், நீக்கினால் விண்டோஸ் 10-க்குத் திரும்பும் பொத்தானும் அதோடு போய்விடும்.