உறைபனி தாங்கும் குட்டி சைகாட்

தென்னாப்பிரிக்காவின் முமலங்கா மாகாண மேட்டுப் புல்வெளிகளில் வளரும் 'என்செபலார்டோஸ் ஹியூமிலிஸ்', பனை போலத் தோன்றும் சைகாட் (cycad) செடிகளில் ரொம்பச் சிறிய ஒன்று. தண்டு மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். இலை அரை மீட்டரைத் தாண்டுவது அரிது. உறைபனியில் இலைகள் கருகினாலும் மறுபடி துளிர்க்கும். ஆகாதது ஈரக் குளிர்தான். ஆழமான தொட்டியில் பெருமணலும் சிறு கற்களும் தாராளமாகக் கலந்து நடுங்கள். குருத்து மண்ணில் புதையக் கூடாது. கோடையில் மண் காயக் காயத் தண்ணீர், குளிர்காலத்தில் கிட்டத்தட்டப் பட்டினி. உரம் போட்டு அவசரப்படுத்த முடியாது. விதை நச்சு, நாய் வளர்ப்பவர்கள் கவனம். காட்டில் களவாகத் தோண்டிய செடிகளும் விற்பனைக்கு வருகின்றன. என்செபலார்டோஸ் பேரினம் முழுவதும், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், விதையிலிருந்து வளர்த்ததற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.