ரீட்டெய்னர் உரசிப் புண்ணான ஈறு

பல் கம்பியைக் கழற்றிய கையோடு, பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னர் வந்தது: அண்ணத்தில் ஒட்டும் ரோஸ் நிற அக்ரிலிக் தகடு, முன்பற்களைத் தழுவும் ஒரு கம்பி. மாட்டிய சில நாட்களிலேயே ஈறு சிவந்து, நாக்கின் ஓரம் எரிந்தது. ஆச்சி அதைக் கழற்றி மாடத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தால் பற்கள் பழைய இடத்துக்கே நகர்ந்துவிடும். செலவழித்த பணம் வாய்க்காலில் போன மாதிரிதான்.

விளிம்பை விரலால் தடவினேன். ஓரிடத்தில் நெல்மூக்குப் போல ஒரு முனை. கண்ணாடியில் பார்த்தால் ஈறு சிவந்திருந்ததும் அதே இடம். அரத்தால் ராவித் தருகிறேன் என்று அண்ணன் கிளம்பினான். வீட்டில் ராவினால் சொரசொரப்புதான் கூடும், பொருத்தமும் கெடும். பாளையங்கோட்டையில் பல் மருத்துவர் அந்த முனையை மட்டும் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தார். சில நிமிட வேலை.

புண் ஆறும்வரை வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொப்பளித்தேன். உரசும் கம்பி முனையில் பல் மெழுகை உருட்டி ஒட்டினேன். சாப்பாட்டுக்குச் சொதி. தேங்காய்ப்பால் புண்ணைச் சீண்டவில்லை. கூட வரும் இஞ்சித் துவையலைத் தொடாமல் இருந்ததுதான் தவம்.

தகட்டைக் குளிர்ந்த நீரில் மட்டுமே கழுவுகிறேன். வெந்நீர் பட்டால் நெளிந்துவிடும். சுத்தம் செய்யும் மாத்திரை கரைத்த நீரில் ஊறவைத்தால் நன்றாக அலசிய பிறகே மாட்ட வேண்டும், மிச்சம் இருந்தாலும் வாய் எரியும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.