சிலபஸின் கடைசிப் பக்கம் வாசிப்புப் பட்டியல் ஆகாது

கல்லூரி திறந்த முதல் வாரம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கவுண்டருக்கு வந்து செல்போனை நீட்டினாள். எங்கள் நூலகப் பக்கத்தில் நான் ஏற்றி வைத்திருந்த பட்டியல்தான். ஒன்பது புத்தகங்கள். "இதுல எதை சார் படிக்கணும்?" என்று கேட்டாள். ஒன்பதில் ஐந்துதான் எங்களிடம் இருந்தன. இரண்டு அச்சிலேயே இல்லை. அந்த ஐந்தில் எதை முதலில் எடுத்துக் கொடுப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

பாடத்துக்கான வாசிப்புப் பட்டியலை நிர்வகிக்கவென்றே மென்பொருள்கள் உண்டு. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் டாலிஸ் ஆஸ்பயர் பரவலாகப் புழங்குகிறது. எக்ஸ் லிப்ரிஸின் லெகான்டோ இன்னொன்று. நம் பக்கம் கல்லூரி நூலகங்கள் பலவும் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஓடுகின்றன. அதற்குள்ளேயே, ஒரு பாடத்துக்கான நூல்களை ஒதுக்கிப் பட்டியலிட, 'கோர்ஸ் ரிசர்வ்ஸ்' என்றொரு பகுதி இருக்கிறது. சிஸ்டம் பிரிஃபரன்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் திறந்துகொள்ளும். தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் மென்பொருளைத் திறந்துவிடுவது வேறு, அது வகுப்பறைக்குப் போய்ச் சேருவது வேறு. நடுவில் எங்கெங்கே வழுக்குகிறோம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நான் செய்ததுதான்: பாடத்திட்டக் குழு சிலபஸின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட நூற்பட்டியலை அப்படியே ஏற்றுவது. அந்தப் பட்டியல் பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க எழுதப்பட்டது. மாணவர் செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்கு எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர்தான். அந்த மாணவி போன பிறகு அந்தப் பாடத்தை எடுக்கும் பேராசிரியரைத் தேடிப் போனேன். ஸ்டாஃப் ரூமில் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். ஒன்பது நூல்கள் நான்காகின. ஒரு நூலுக்குக் கீழே குறிப்புப் பகுதியில் அவர் சொல்லச் சொல்ல இப்படி அடித்தேன்: "யூனிட் 3, ஐந்தாம் வாரம். 4-ஆம் அத்தியாயம், பக். 88–103. வகுப்புக்கு வருமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். 95-ஆம் பக்க அட்டவணை புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வகுப்பில் போடுகிறேன்."

இந்த நான்கு வரிதான் வாசிப்புப் பட்டியல். மற்றதெல்லாம் நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் கேட்டலாக். கோஹாவில் ஒவ்வொரு நூலுக்கும் மாணவர் கண்ணில் படும் குறிப்பு ஒன்றும், நூலக ஊழியர் மட்டும் பார்க்கும் குறிப்பு ஒன்றும் எழுத இடம் உண்டு. பெரும்பாலான நூலகங்களில் இரண்டும் காலியாகக் கிடக்கின்றன.

அடுத்தது, "பட்டியலை வரும் வெள்ளிக்குள் சமர்ப்பிக்கவும்" என்று ஹெச்.ஓ.டி. மூலம் சர்க்குலர் விடுவது. சர்க்குலருக்குப் பதிலாக வருவது பெரும்பாலும் அதே கடைசிப் பக்கம்தான். ஆசிரியர்கள் இன்டர்னல் மார்க், நாக் தர மதிப்பீட்டுக் கோப்பு என்று ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தலையில் டேட்டா என்ட்ரியையும் ஏற்றினால் மென்பொருள் மேலேயே வெறுப்பு வந்துவிடும். தட்டச்சு வேலை நம்முடையதாக இருக்கட்டும், தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும். ஒரே வருடத்தில் எல்லாத் துறையையும் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆர்வமுள்ள மூன்று ஆசிரியர்களோடு தொடங்கினால், அவர்கள் மாணவர்களே மற்ற ஆசிரியர்களிடம் கேட்கத் தொடங்குவார்கள்.

இனி கோஹாவில் வரும் ஒரு சிக்கல். ஒரு நூலைப் பாடத்தில் சேர்க்கும்போது அதன் வகையையும் இருப்பிடத்தையும் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளலாம். அந்த வகைக்கு இரண்டு மணி நேரம் என்று சர்க்குலேஷன் விதி (இரவல் கொடுக்கும் விதி) எழுதிவிட்டால், இருக்கும் மூன்று பிரதிகளை அறுபது பேர் சுற்றிச் சுற்றிப் படிக்கலாம். அருமையான ஏற்பாடு. செமஸ்டர் முடிந்ததும் அந்தப் பாடத்தின் 'எனேபிள்ட்' டிக்கை எடுத்துவிட்டால் நூல் பழைய வகைக்குத் தானாகத் திரும்பிவிடும். இந்த டிக்கை எடுக்கத்தான் மறந்துபோகிறோம். நவம்பரில் தேர்வு முடிந்தது. பிப்ரவரியில் இறுதியாண்டு மாணவன் ஒருவன் புராஜெக்ட்டுக்காக அதே நூலை எடுத்து வருகிறான். திரை இரண்டு மணி நேரம் என்கிறது. வீட்டுக்குத் தர முடியாது என்று உதவியாளர் சொல்ல, அவன் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் தற்செயலாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பாடத்தில் இருந்த எல்லா நூல்களும் மூன்று மாதமாக அப்படியே மாட்டிக் கிடந்தன. செமஸ்டர் முடியும் தேதியை அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். நூலின் இருப்பிடத்தைத் திரையில் மாற்றிவிட்டு அலமாரியில் மாற்றாமல் விடுவதும் இதே மாதிரிதான்: மாணவர் கவுண்டரில் கேட்பார், நூல் மாடியில் இருக்கும்.

மின்னிதழ்க் கட்டுரைகளுக்கு வருவோம். நூலகர் தன் மேசைக் கணினியில் இணைப்பைச் சோதிப்பார், திறக்கும். வளாக ஐ.பி. முகவரியைப் பதிப்பகம் அடையாளம் கண்டுகொள்வதால்தான் திறக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் செல்போனைத் தட்டும் மாணவருக்கு அதே பக்கம் பணம் கேட்கும். சோதனையை உங்கள் செல்போனில், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். பிரவுசர் மேலே தெரியும் நீண்ட முகவரியை நகலெடுக்காமல், ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கொண்ட முகவரியையே போடுங்கள். பதிப்பகம் தளத்தை மாற்றினாலும் அது பெரும்பாலும் தாங்கும். வெளியிலிருந்து நுழைய என்ன லாகின் வேண்டும் என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. நல்ல செய்தி. ஆனால் அது இதழ்களுக்கான திட்டம். அதை நம்பிப் பாடநூல் வாங்குவதைக் குறைத்தால் இளநிலை மாணவர்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

காப்புரிமையில் இரண்டு விதமாகவும் தவறுகிறோம். ஒன்று, பயந்துபோய் ஒரு அத்தியாயத்தைக்கூட ஸ்கேன் செய்து தர மறுப்பது. இன்னொன்று, முழுப் பாடநூலின் பி.டி.எஃப்பை எங்கிருந்தோ இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கைப் பலர் கேள்விப்பட்டிருப்போம். கற்பித்தலுக்காகப் பகுதிகளைத் தொகுத்துத் தருவது, 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு தரும் விலக்குக்குள் வரும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னது. அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதனால் பாடத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்து, அந்த வகுப்பு மாணவர் மட்டும் நுழையக்கூடிய மூடில் (இணைய வகுப்பறை மென்பொருள்) பக்கத்தில் வையுங்கள். சந்தா கட்டி வாங்கிய மின்னூல் என்றால் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் என்றதும் இன்னொன்று. பக்கத்தைப் படமாக மட்டும் எடுத்து வைத்தால் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் வாயே திறக்காது. படத்திலுள்ள எழுத்தைக் கணினி படிக்கும் எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர். செய்த பிறகு ஏற்றுங்கள். தமிழ்ப் பக்கங்களில் ஓ.சி.ஆர். பிழைகள் கூடுதலாக வரும், ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த நேரத்தையும் வேலைக் கணக்கில் சேருங்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நகல் எடுத்துத் தரச் சட்டம் 2012 திருத்தத்திலிருந்தே இடம் தருகிறது.

தமிழ்த் துறைப் பட்டியல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'திருக்குறள்' என்று மட்டும் போட்டால் மாணவர் பரிமேலழகரை எடுப்பாரா, மு.வ.வை எடுப்பாரா? உரையாசிரியர் பெயரும் பதிப்பகமும் இல்லாத பதிவு உதவாது. பக்க எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பழைய தமிழ் நூல்கள் பலவற்றுக்கு ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் கிடையாது, ஆகவே எண்ணை வைத்துத் தேடிச் சேர்க்கும் வசதி இங்கே கைகொடுக்காது. சில நூலகங்களில் ஒரே ஆசிரியரின் ஒரு நூல் தமிழ் எழுத்திலும் இன்னொன்று ரோமன் எழுத்திலும் பதிவாகியிருக்கும். தமிழில் தேடும் மாணவருக்குப் பாதி நூல்கள் இல்லாததாகவே தெரியும். பட்டியல் போடும் சாக்கில் அந்தப் பதிவுகளைத் திருத்திவிடுங்கள். காப்புரிமை தீர்ந்த நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் இலவசமாக இருக்கின்றன. அவற்றின் இணைப்பையும் சேர்த்தால் பிரதித் தட்டுப்பாடு அங்கேயே தீரும்.

கொள்முதலுக்கு இந்தப் பட்டியலைப் பயன்படுத்தாமல் விடுவதும் ஒரு தவறு. டாலிஸ், லெகான்டோ இரண்டிலும் ஒவ்வொரு நூலுக்கும் கட்டாயம், கூடுதல் என்பதுபோல் முக்கியத்துவம் குறிக்கலாம். கோஹாவில் அதைக் குறிப்புப் பகுதியில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். பாடத்தைப் பதியும்போது மாணவர் எண்ணிக்கை கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். நூலகக் குழுக் கூட்டத்தில் "கட்டாய நூல், மாணவர் அறுபது பேர், பிரதி மூன்று" என்று எழுதிய தாளை வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

செமஸ்டர் கடைசி வாரம் டிக்கை எடுப்பதற்கு முன் ஆசிரியரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பேராசிரியரை நான் அப்படிப் பார்த்தபோது நான்கில் ஒன்றை அடித்துவிட்டு, "இதை ஒருத்தரும் படிக்கலை சார், மொழி ரொம்பக் கடினம். இதே விஷயத்தை எளிமையாச் சொல்ற புத்தகம் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். இரண்டு இருந்தன. எடுத்துக்கொண்டு போனார்.