எண்ணூர் கழிமுகத்துக்கு ஊர்ப்படம் போடுவது எப்படி

ஊர்ப்படம் என்பது ஊரார் சொல்லும் பெயர்களையும் ஆழத்தையும் மாற்றங்களையும் குறிக்கும் வரைபடம். எண்ணூரில் கடலில் சேரும் கொற்றலை ஆற்றைப் பற்றிக் காகிதத்தில் தேடுகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது பெயரில்தான். கொசஸ்தலை, குசஸ்தலை, கொற்றலை, வெள்ளைக்காரன் எழுதிய கோர்ட்டெலியார் எல்லாம் ஒரே ஆறு. நான்கையும் போட்டுத் தேடுங்கள். கழிமுகத்தை ஒட்டிய பக்கிங்காம் கால்வாய்க்கும் இதே கதை. அந்தப் பெயர் வந்தது 1878-இல். அதற்கு முந்தைய தாள்களில் காக்ரேன் கால்வாய் என்று பாருங்கள்.

அடிப்படைக்கு 1:50,000 நிலவரைபடம் போதும், 2 செ.மீ. என்றால் 1 கிலோமீட்டர். பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் அப்படியே ஒட்டினால் நூறு மீட்டருக்கு மேலேயே விலகும், இரண்டும் இடத்தைக் கணக்கிடும் அடிப்படையே வேறு. ரயில் பாலம், பழைய கோயில் என அசையாத நான்கைந்து புள்ளிகளைப் பிடித்துப் பொருத்துங்கள். கரையோரத்தை நம்பிப் பொருத்தாதீர்கள், மாறியதே அதுதான். மத்திய அரசு 1996-இல் ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தையும் கையில் வையுங்கள். நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமை மனு, கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'கழிமுகம் பற்றிய விவரம்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆண்டு, தாள், சர்வே எண் என்று கேளுங்கள்.

அடுத்தது ஆட்கள். காட்டுக்குப்பத்திலோ முகத்துவாரக்குப்பத்திலோ ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வலை கரையேறும் நேரத்தில் போய் நிற்கக் கூடாது. "உங்க வரலாறு சொல்லுங்க" என்றால் யாருக்கும் பேச்சு வராது. படத்தை விரித்து, "இந்த வளைவுக்கு என்ன பேருண்ணே? இங்க என்ன பட்டுச்சு?" என்று கேளுங்கள், இறால், மடவை, மட்டி எனப் பேச்சு தானாக வரும். ஆண்டு கேட்டால் ஊகம்தான் கிடைக்கும். அனல்மின் நிலையம் வந்தது 1970, சுனாமி 2004, கப்பல் எண்ணெய் கொட்டியது 2017: இவற்றுக்கு "முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் காலம் தெளியும். கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களையும் மீன் விற்கும் பெண்களையும் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். படகுக்காரர் ஆழத்தைச் சொல்வார். சேறு எப்போது மாறியது என்பது கைவைத்துப் பிடிப்பவருக்குத்தான் தெரியும். பெயரைச் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். 'திருத்தி' எழுதிய பெயர் ஊருக்கு அந்நியமாகிவிடும்.

ஆழம் பார்க்க 4 மீட்டர் மூங்கில் போதும், 10 செ.மீ.க்கு ஒரு கோடு. வெறும் கழியை இறக்கினால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் அது பாட்டுக்கு உள்ளே போகும். அரை மீட்டர் ஆழம் ஒரு மீட்டர் என்று வந்துவிடும். அடியில் 15 செ.மீ. சதுரப் பலகையை ஆணியடித்து, மெதுவாக இறக்குங்கள். பிறகு பலகையைக் கழற்றி அதே இடத்தில் இன்னொரு முறை அழுத்தினால், இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் மெத்துச் சேற்றின் தடிமன். கடல் ஏற்றமா வற்றமா, மணி என்ன என்று எழுதாத அளவு வீண். எல்லாப் புள்ளிகளையும் வற்றத்தின் கடைசியில், நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் எடுப்பது உத்தமம். கைபேசி காட்டும் இடம் 5 முதல் 10 மீட்டர் பிசகும், பாலத்தடியில் இன்னும் அதிகம்.

அது சாம்பலா, ஆற்றுச் சேறா? ஒரு பிடி எடுத்து ஈரத்தோடு உள்ளங்கையில் திரியுங்கள். களி என்றால் நூலாக நீளும், காய்ந்தால் கட்டியாகும். சாம்பல் திரிக்கும்போதே உடையும், காய்ந்தால் ஊதினாலே பறக்கும் வெளிர்சாம்பல் தூள். பெரும்பாலும் இரண்டும் கலந்தே கிடைக்கும், அதையும் அப்படியே குறியுங்கள்.

படம் முடிந்ததும் பெரிய தாளில் ஒரு பிரதி எடுத்து ஊருக்குள் ஒரு வாரம் மாட்டுங்கள், பக்கத்தில் பென்சிலும் கட்டித் தொங்கட்டும். பெயர்கள் அடித்துத் திருத்தப்படும், புதியவை சேரும். மீன் அதிகம் படும் இடங்களை வெளியே காட்ட வேண்டாம் என்று ஊர் சொன்னால், அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டு அச்சடியுங்கள்.