உங்கள் ஊர் நூலகத்தை ஊராரின் கைப்பேசிக்குக் கொண்டுபோவது எப்படி?

எங்கள் ஊர்க் கிளை நூலகம் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாசகர் வட்டத்தில் சேர்ந்த புதிதில் உறுப்பினர் சேர்ப்புக்காக வீடு வீடாகப் போனேன். "அது இன்னும் நடக்கிறதா?" என்றுதான் பலரும் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான புத்தகங்களும் அவற்றைத் தூசு தட்டி அடுக்கும் நூலகரும் இருக்கும் இடத்தைப் பற்றி ஊரார் அப்படிக் கேட்டது மனதை மிகவும் வருத்தியது. அதன் பிறகு நூலகரும் நானும் சேர்ந்து கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு கைப்பேசியும் வாரத்தில் சில மணி நேரமும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகங்களின் முகநூல் பக்கங்கள் பலவற்றில் பொன்னாடை போர்த்தும் படங்களே நிறைந்திருக்கின்றன. விழா எடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் புத்தகம் எடுக்க வருவதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் மூன்றாவது, 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது. அதே ஆண்டு மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நாம் செய்யப்போவதும் அந்த வண்டியின் வேலையைத்தான். கீழே வரும் எல்லாப் படிகளையும் இந்த எண்ணத்தோடு படியுங்கள்.

படி 1: அனுமதியும் கணக்கும்

அரசு நூலகம் என்றால் நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பிறகு நூலகத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள். எந்தச் சமூக ஊடகக் கணக்கையும் தனிப்பட்டவரின் மின்னஞ்சலில் திறக்காதீர்கள். நூலகர்கள் பணிமாற்றத்தில் போவார்கள். அவர்களோடு கடவுச்சொல்லும் போய்விட்டால் பக்கம் அப்படியே நின்றுவிடும். நூலகர் ஒருவர், வாசகர் வட்டத்தில் ஒருவர் என இருவரிடமாவது நிர்வாக உரிமை இருக்கட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பையும் மறக்காமல் போட்டுவையுங்கள்.

படி 2: வரைபடத்தில் நேரத்தைச் சரிசெய்வது

முகநூலுக்கும் முன்பாகச் செய்யவேண்டியது இது. கூகுள் மேப்பில் உங்கள் நூலகத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே குறித்திருப்பார்கள். திறக்கும் நேரம் தவறாக இருக்கலாம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை பிள்ளையோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய தாய் மறுபடியும் வரமாட்டார்.

அந்தக் குறிப்பின் நிர்வாக உரிமையை இலவசமாகவே கேட்டுப் பெறலாம். சரிபார்ப்புக்காகச் சில நேரம் பெயர்ப்பலகையும் வாசலும் தெரியும்படி வீடியோ கேட்பார்கள். உரிமை கிடைக்கும் வரை, யாரும் செய்யக்கூடிய 'திருத்தம் பரிந்துரைத்தல்' வழியில் நேரத்தை மாற்ற முயலுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். வாசலின் படம், உள்ளே நாற்காலிகள் தெரியும் படம், சிறுவர் பகுதியின் படம் ஆகிய மூன்றும் போதும். மதியம் மூடும் நூலகமானால் காலை நேரம், மாலை நேரம் இரண்டையும் தனித்தனியாக இடுங்கள்.

படி 3: ஒரே ஒரு வாய்க்கால்

முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் என நான்கையும் ஒரே நாளில் திறந்தால் நான்கும் ஒரு மாதத்தில் வறண்டுவிடும். புதியவர்களுக்கு நான் சொல்வது வாட்ஸ்அப் சேனல் ஒன்று, அது கைவந்தபின் முகநூல் பக்கம் ஒன்று. கல்லூரி மாணவர்கள் நிறைந்த ஊரானால் முகநூலுக்குப் பதில் இன்ஸ்டாகிராம்.

குழு தொடங்கினால் ஆகாதா என்று கேட்பார்கள். குழுவில் சேர்ந்தவரின் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடம் தம் எண் போய்ச் சேர்வதை விரும்பாத பெண் வாசகர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகுவார்கள். இன்னொரு பக்கம் காலை வணக்கப் படங்கள் வந்து குவியும். சேனலைப் பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. பதிவிடும் உரிமையும் நிர்வாகிகளிடம் மட்டுமே இருக்கும். புத்தகம் இருக்கிறதா என்று கேட்க நூலகத்துக்கென ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணையும் சேனலின் விவரத்தில் கொடுங்கள். நூலகம் மூடியிருக்கும்போது தானாகப் பதில் போகும் வசதி அதில் உண்டு.

சேனலின் இணைப்பை க்யூஆர் குறியீடாக அச்சிட்டு நூலக வாசல், தேநீர்க் கடை, நியாய விலைக் கடை, பஸ் நிறுத்தம் ஆகிய இடங்களில் உரியவரிடம் கேட்டு ஒட்டுங்கள். அச்சிடும் முன் இரண்டு வெவ்வேறு கைப்பேசிகளில் சோதித்துவிடுங்கள்.

படி 4: என்ன எழுதுவது?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஒரு பதிவுக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இன்று அலமாரியில் இருக்கும் புத்தகமாக இருக்கவேண்டும். 'புதிய நூல்கள் வந்துள்ளன, வாசகர்கள் பயன்படுத்திக்கொள்ளவும்' என்ற அறிவிப்பு எல்லாரையும் நோக்கிப் பேசுவதால் எவர் காதிலும் விழுவதில்லை.

எழுதுவதற்கு முன், இந்தப் புத்தகம் இந்த வாரம் யாருக்குத் தேவை என்று யோசியுங்கள். டெல்டா ஊரில் குறுவை நேரமா? இப்படி எழுதிப் பாருங்கள்:

"நெல்லில் புகையான் தாக்கினால் முதலில் என்ன தெரியும்? மருந்து அடிக்கும் முன் எதைக் கவனிக்கவேண்டும்? படங்களோடு விளக்கும் புத்தகம் நம் நூலகத்தில் இருக்கிறது. கதவுக்கு இடப்புறம் மூன்றாவது அலமாரி. இன்று இரவு 7 மணி வரை நூலகம் திறந்திருக்கும். வேண்டுமென்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், நாளை மாலை வரை எடுத்து வைக்கிறோம்."

கேள்வி, புத்தகம், இருக்கும் இடம், நேரம், அடுத்து என்ன செய்யவேண்டும் என எல்லாம் ஐந்தாறு வரியில் அடங்கிவிட்டன. குரூப் 4 அறிவிப்பு வந்த நாளில் தேர்வுப் புத்தகங்கள், மே மாதத்தில் சிறுவர் கதைகள், மாடித் தோட்டம் போடுபவர்களுக்கு மண்புழு உரம் என ஊரின் நாட்காட்டியோடு சேர்ந்து நடங்கள்.

படத்தைச் சன்னல் அருகே பகல் வெளிச்சத்தில் எடுங்கள். அட்டை மட்டும் போதும். செய்தி முழுவதையும் படத்துக்குள் எழுதிவிடாமல் பதிவின் எழுத்தாகவும் கொடுங்கள். பார்வைத்திறன் குறைந்தவர்களின் திரைவாசிப்பான் எழுத்தாக இருப்பதைத்தான் தடையின்றிப் படிக்கும். யூனிகோடு எழுத்துருவில்தான் தட்டச்சிடவேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையை அப்படியே ஒட்டினால் கைப்பேசியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும்.

இன்னொரு நல்ல பதிவு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. 'உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலகத்துக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறீர்கள்' என்று எழுதுங்கள். தம் பணத்தில் நடக்கும் இடம் என்று தெரிந்தவர் உரிமையோடு உள்ளே வருவார்.

வாரத்துக்கு மூன்று பதிவுகள் போதும். ஒரே நாளில் உட்கார்ந்து மூன்றையும் எழுதி வைத்துவிடலாம்.

படி 5: செய்யக்கூடாதவை

புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் பகிராதீர்கள். எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் அது பெரிய அநீதி, சட்டப்படியும் குற்றம். இணையத்தில் படிக்க ஏதாவது கேட்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், 1998 முதல் பழைய இலக்கியங்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தையும் காட்டுங்கள்.

குழந்தைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை, பாராட்டுவதற்காகக் கூட, அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். அது அவருடைய அந்தரங்கம்.

படி 6: பலித்ததா என்று பார்ப்பது

விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக உறுப்பினர் ஆகிறவரிடம் "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். அதைவிட நம்பகமான கணக்கு புத்தகத்தின் உள்ளேயே இருக்கிறது. தேதிச் சீட்டு ஒட்டும் வழக்கம் உங்கள் நூலகத்தில் இருந்தால், பதிவிடும் முன் அதில் கடைசியாக விழுந்த முத்திரையைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியாக இருந்தால் அந்தப் புத்தகத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே அலமாரிக்குப் போங்கள். புத்தகம் அங்கே இல்லை என்றால், நூலகரிடம் சொல்லிவிட்டு அடுத்த பழைய புத்தகத்தைத் தேட ஆரம்பியுங்கள்.